பதில் சொல்ல ஆள் எங்கே?

நடுவர் அவர்களுக்கும், இரண்டு அணியிலும் உட்கார்ந்திருக்கும் அண்ணன்மார் அக்காமாருக்கும், பகல் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் இருந்து இறங்கி, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே இந்தப் பந்தலுக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கும் என் வணக்கம்.

உலகமயமாக்கல் உழைக்கிறவர்களுக்கு அதிகம் கொடுத்தது வாய்ப்பையா, நிச்சயமின்மையையா? இதுதான் தலைப்பு. நிச்சயமின்மையே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அக்கா ஒரு கணக்குச் சொன்னார். முப்பது வருஷத்துக்கு முன்னால் இந்தப் பக்கத்தில் என்ன இருந்தது? ஏரித் தண்ணீரில் நெல், கொஞ்சம் வேர்க்கடலை, காஞ்சிபுரம் பக்கம் போனால் தறி. பத்தாவது முடித்த பெண்ணுக்குக் கல்யாணத்தைத் தவிர வேறு வழி கிடையாது. கம்பெனிகள் வந்த பிறகுதான் அவள் கையில் ஏடிஎம் கார்டு வந்தது, தம்பியைக் காலேஜில் சேர்த்தாள், கூரை வீட்டைத் தளம் போட்ட வீடாக்கினாள் என்றார். அக்கா, நீங்கள் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட நான் மறுக்கப் போவதில்லை. நானும் அப்படி ஒரு வீட்டுப் பெண்தான். என் அப்பா தறி நெய்தவர். முதல் மாதச் சம்பளத்தை பேங்கில் இருந்து எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அவர் அதை எண்ணவே இல்லை. சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, வாசல் திண்ணையில் போய்த் தனியாக உட்கார்ந்துகொண்டார். மூன்று மாதம் கால் வலிக்க மிதித்தாலும் தறி அவருக்குக் கொடுக்காத பணம் அது.

ஆகவே வாய்ப்பே வரவில்லை என்று எங்கள் அணி வாதாடவில்லை, நடுவர் அவர்களே. வந்தது. எங்கள் கேள்வி வேறு. வந்த வேலை போகிறதே, அப்போது ஏன் என்று கேட்டால் பதில் சொல்ல ஒரு ஆள் வேண்டாமா? காசு கொடுத்து வாங்கியது பழுதாகிறதே, அப்போது என்ன என்று கேட்டால் பதில் சொல்ல ஒரு ஆள் வேண்டாமா? உழைக்கிறவரும் சரி, வாங்குகிறவரும் சரி, இந்த முப்பது வருஷத்தில் தொலைத்தது அந்த ஆளைத்தான். இந்த ஊரை வைத்தே சொல்கிறேன்.

நோக்கியா கதை இங்கே உட்கார்ந்திருக்கும் பலருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இளையவர்களுக்காகச் சொல்கிறேன். 2005-ல் தமிழக அரசோடு ஒப்பந்தம். ஸ்ரீபெரும்புதூரில் 200 ஏக்கருக்கு மேல் நிலம், வரிச் சலுகைகள். 2006 தொடக்கத்தில் உற்பத்தி ஆரம்பித்துவிட்டார்கள். உச்சத்தில் சுமார் 8,000 பேர் நேரடி வேலையில் இருந்தார்கள், அதில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களை நம்பி அதே வளாகத்தில் உதிரிபாக ஆலைகள், அந்த ஆலைகளை நம்பி வேன் ஓட்டியவர்கள், மெஸ் நடத்தியவர்கள், ஒரு அறையை மூன்றாகத் தடுத்து வாடகைக்கு விட்டவர்கள். 2011-ல் 50 கோடியாவது போன் அந்த வாசலைத் தாண்டிப் போனது. உங்கள் வீட்டுப் பரணில் டார்ச் வைத்த பழைய போன் ஒன்று கிடந்தால் எடுத்துப் பாருங்கள். அதை டப்பாவில் போட்டு ஒட்டிய கை இந்தக் கூட்டத்தில்கூட இருக்கலாம்.

அப்புறம் 2013 ஜனவரியில் வருமான வரித்துறை உள்ளே வந்தது. 2,000 கோடி ரூபாய்க்கு மேல் வரி பாக்கி என்றார்கள். பின்னாலேயே மாநில அரசு மதிப்புக்கூட்டு வரி என்று 2,400 கோடி ரூபாய் கேட்டது. அதே ஆண்டு செப்டம்பரில், நோக்கியாவின் போன் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கப் போவதாக அறிவிப்பு வந்தது. வழக்கு முடியாததால் 2014 ஏப்ரலில் தொழில் கைமாறியபோது நம் ஆலை அதில் சேரவில்லை. கொஞ்ச காலம் மைக்ரோசாஃப்ட்டுக்கு ஒப்பந்தத்தில் போன் செய்து கொடுத்தார்கள். அந்த ஒப்பந்தமும் போனது. 2014 நவம்பர் 1-ஆம் தேதியோடு உற்பத்தி நின்றது. அடுத்த மாதமே, நோக்கியாவுக்கு உதிரிபாகம் செய்து கொடுத்த, பக்கத்தில் இருந்த ஃபாக்ஸ்கான் ஆலையும் நின்றது. அங்கே சுமார் 1,700 பேர்.

வரி கட்ட வேண்டுமா, வேண்டாமா என்பது பெரிய இடத்து வழக்கு. யார் பக்கம் நியாயம் என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. நான் கேட்பது ஒன்றுதான். அந்த வழக்கில் தொழிலாளி வாதியா? இல்லை. பிரதிவாதியா? அதுவும் இல்லை. சாட்சிகூட இல்லை. தண்டனை மட்டும் அவருக்கு வந்தது.

அந்தத் தண்டனைக்கு என்ன பெயர் வைத்தார்கள் தெரியுமா? விருப்ப ஓய்வு. ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அதில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். நடுவர் அவர்களே, நீங்கள் முப்பத்தைந்து வருஷம் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். உங்கள் ஓய்வு நாளில் மாலை போட்டார்கள், ஊரே வீட்டுக்கு வந்து சாப்பிட்டது. அங்கே கையெழுத்துப் போட்ட பெண்களுக்கு இருபத்து நான்கு, இருபத்தைந்து, இருபத்தாறு வயது. அந்த வயதில் ஓய்வா? அந்த ஓய்வில் விருப்பம் வேறா? ஆலையை மூடுவதற்குச் சட்டப்படி அரசிடம் அனுமதி வாங்க வேண்டும். தானாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறவருக்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. அதனால்தான் அந்தப் பெயர். அந்தச் சட்டமும் இப்போது தளர்ந்துவிட்டது. 100 பேர் வேலை செய்யும் ஆலைக்கே அனுமதி வேண்டும் என்று இருந்ததை, 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில் உறவுச் சட்டத்தொகுப்பு 300 பேர் என்று உயர்த்திவிட்டது.

எதிரணித் தலைவர் அண்ணன் இதற்குப் பதிலை முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டார். “போன வேலை திரும்பி வந்துவிட்டதே. நோக்கியா இருந்த இடத்தில் போன் சார்ஜர் செய்யும் சால்காம்ப் வந்தது, சுங்குவார்சத்திரத்தில் ஃபாக்ஸ்கான் ஐபோன் செய்கிறது, இன்னும் என்ன வேண்டும்?” என்றார். உண்மைதான் அண்ணே. 2019 நவம்பரில் சால்காம்ப் அந்த இடத்தை எடுப்பதாக அறிவிப்பு வந்தபோது நானும் சந்தோஷப்பட்டேன். ஆனால் வேலை திரும்பி வந்தது யாருக்கு? 2014-ல் இருபத்தாறு வயதில் ‘ஓய்வு’ பெற்ற பெண்ணுக்கு 2019-ல் முப்பத்தொன்று. ஆள் எடுக்கிற நோட்டீஸைப் பார்த்திருப்பீர்கள், இந்த ரோட்டில் எல்லாக் கம்பத்திலும் ஒட்டியிருக்கிறது. முதல் வரி படிப்பு, இரண்டாவது வரி வயது. கல்யாணமாகி, ஒரு குழந்தையோடு, நின்றே வேலை செய்து முதுகு பழுதாகி இருக்கும் பெண்ணுக்கு அந்த நோட்டீஸில் இடம் இல்லை. ஆலை திரும்பி வந்தது, அவள் திரும்பவில்லை. புள்ளிவிவரத்தில் எட்டாயிரம் போய், பிறகு பல ஆயிரம் வந்ததாக இருக்கும். போனவர் வேறு, வந்தவர் வேறு என்பது அந்தக் கட்டத்துக்குள் தெரியாது.

இன்னொன்றும் சொன்னார் அண்ணன். அமெரிக்காவில், ஐரோப்பாவில் இருந்த வேலை நமக்கு வந்திருக்கிறது, அவர்கள் வயிற்றெரிச்சலை நாம் ஏன் சுமக்க வேண்டும் என்றார். கைதட்டலும் வாங்கினார். அண்ணே, அந்த வேலை நம்மிடம் எந்த வழியாக வந்தது என்று கொஞ்சம் பின்னாலேயே போய்ப் பார்க்கலாம்.

ஜெர்மனியில் போஹம் என்று ஒரு ஊர். ஒரு காலத்தில் நிலக்கரிச் சுரங்கமும் எஃகு ஆலையும் இருந்த ஊர். அங்கே நோக்கியா ஆலையில் சுமார் 2,300 பேர். 2008 ஜனவரியில் மூடப் போவதாகச் சொன்னார்கள். நஷ்டத்தால் மூடவில்லை, சம்பளம் குறைவான ருமேனியாவுக்குப் போவதற்காக மூடினார்கள். ஊரே தெருவில் இறங்கியது. வேலை போனவர்களோடு போன் வாங்கியவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஒரு மத்திய அமைச்சரே இனி நோக்கியா போனைத் தொட மாட்டேன் என்று வைத்துவிட்டார். ஆனாலும் மூடினார்கள். ருமேனியாவில் க்ளூஜ் நகரத்துக்குப் பக்கத்தில் ஜூக்கு என்ற கிராமத்தில் அதே ஆண்டு புது ஆலை. அங்கேயும் நம் ஊரைப் போலவே பேசியிருப்பார்கள். வயல்காட்டில் கம்பெனி வந்துவிட்டது, பிள்ளைகள் பிழைத்துக்கொள்வார்கள் என்று. 2011 செப்டம்பரில் அதையும் மூடுவதாக அறிவித்தார்கள். நான்கு வருஷம்கூட முழுசாக ஓடவில்லை. வேலை ஆசியாவுக்குப் போகிறது என்றார்கள். ஆசியா என்றால் நாமும்தான். 2012-ல், நோக்கியாவின் தாய்வீடான ஃபின்லாந்தில், சாலோ என்ற ஊரில் இருந்த ஆலையிலும் போன் செய்வதை நிறுத்தினார்கள். இரண்டே வருஷம். ஸ்ரீபெரும்புதூர்.

போஹம் தொழிலாளி அழுதபோது நமக்கு லாபம் என்று நினைத்தோம். அந்த மனுஷன் வாசலைத் தாண்டி வந்த கால்தான் நம் வாசலையும் தாண்டிப் போனது. ஒரு வித்தியாசம் உண்டு. அதை மட்டும் சொல்லிவிடுகிறேன். போஹமில் தொழிற்சங்கமும் தொழிலாளர் குழுவும் கம்பெனிக்காரர்களை எதிரில் உட்கார வைத்துப் பேசின. சுமார் 20 கோடி யூரோ இழப்பீடு வாங்கின. வேலையைக் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் எதிரில் உட்கார்ந்து பதில் சொல்ல ஒரு ஆள் இருந்தார்.

இங்கே எப்போது பதில் கிடைக்கிறது? 2021 டிசம்பரை மறந்திருக்க மாட்டீர்கள். ஐபோன் செய்யும் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த பூந்தமல்லிப் பக்கத்து விடுதியில் சாப்பாடு விஷமாகி 159 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். கூட இருந்தவர்களுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். என் பக்கத்துப் பாயில் படுத்திருந்தவள் எங்கே? எந்த ஆஸ்பத்திரியில்? உயிரோடு இருக்கிறாளா? விடுதி நடத்துகிறவர் ஒருத்தர், ஆள் எடுத்துக் கொடுத்தவர் ஒருத்தர், ஆலை நடத்துகிறவர் ஒருத்தர், போனுக்குப் பெயர் கொடுத்தவர் ஒருத்தர். இத்தனை பேர் இருந்தும் அந்த ஒரு கேள்விக்கு நம்பும்படியாகப் பதில் சொல்ல யாரும் இல்லை. செத்துவிட்டார்கள் என்று வதந்தி பரவியது. அந்தப் பெண்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். மார்கழிக் குளிரில், ராத்திரியில், லாரிகளுக்கு முன்னால். அதற்கப்புறம்தான் மாவட்ட நிர்வாகம் வந்தது, பேச்சு நடந்தது. அதற்கப்புறம்தான் விடுதிகளும் சாப்பிடும் கூடங்களும் சரியில்லை என்று ஆப்பிள் ஒப்புக்கொண்டு, அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. பெங்களூரு ரோடு நின்றால்தான் கலிஃபோர்னியாவில் காது கேட்கும் என்றால், அந்த வேலையை நிச்சயமான வேலை என்று எப்படிச் சொல்வது?

கம்ப்யூட்டர் வேலைக்கு இது பொருந்தாது என்று மூன்றாவதாகப் பேசிய தம்பி சொன்னார். பழைய மகாபலிபுரம் ரோட்டைப் பாருங்கள் என்றார். 2000-ல் டைடல் பார்க் திறந்ததில் இருந்து அந்த ரோடு வளர்ந்த வளர்ச்சியை நானும் பார்த்தவள்தான், அந்த ரோட்டில் வேலையும் பார்த்தவள். தம்பி, 2014 அக்டோபரில் அமெரிக்காவில், ஃப்ளோரிடாவில் இருக்கும் டிஸ்னியில் சுமார் 250 கணினிப் பணியாளர்களைக் கூப்பிட்டு வேலை போய்விட்டது என்றார்கள். போவதற்கு முன்னால், அவர்கள் நாற்காலியில் உட்காரப் போகிறவர்களுக்கு அவர்களே வேலையைக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்றார்கள். கற்றுக்கொள்ள வந்தவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். உங்கள் ஆபீஸ் பாஷையில் கேடி, நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர். ஒரே மேஜை. ஒருவர் தன் பதினைந்து வருஷ வேலையைப் பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு எழுந்து போக வேண்டும். பக்கத்தில் இருந்த நம் பையனுக்கு மட்டும் அது இனித்திருக்குமா? அவனும் தலையைக் குனிந்துகொண்டுதான் குறிப்பெழுதியிருப்பான். 2025 ஜூலையில் நம் நாட்டின் மிகப் பெரிய கணினி நிறுவனம், டிசிஎஸ், 12,000-க்கும் மேற்பட்டவர்களைக் குறைப்பதாக அறிவித்தது. இப்போது கேடி கொடுக்கும் முறை நம்முடையது. இதற்கு மேல் அதைப் பற்றிப் பேச வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

வாங்குகிறவர் பக்கத்துக்கு வருகிறேன். வாடிக்கையாளருக்கு எல்லாம் மலிவாகக் கிடைத்ததே என்பது எதிரணியின் பெரிய வாதம். மலிவுதான். ஆனால் பழுதான பிறகு என்ன ஆகிறது?

நான் 2006-ல் இருந்து மூன்று வருஷம் சென்னையில் ஒரு கால் சென்டரில் ராத்திரி ஷிப்ட் பார்த்தேன். அமெரிக்காவில் ஒரு போன் கம்பெனியின் பில் சம்பந்தமான புகார்கள் எங்களுக்கு வரும். எங்கள் பாஷையில் அதற்கு ‘ப்ராசஸ்’ என்று பெயர். எனக்கு அங்கே நான்சி என்று பெயர். ஒரு அழைப்பை ஆறு நிமிஷத்துக்குள் முடிக்க வேண்டும். ஆறு தாண்டினால் திரையின் ஓரத்தில் இருக்கும் பச்சைக் கட்டம் சிவப்பாகும். சிவப்பு ஐந்து சேர்ந்தால் டீம் லீடர் வந்து பின்னால் நிற்பார். எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று ஒரு அட்டை எங்கள் மேஜையில் ஒட்டியிருக்கும். சொல்லக் கூடாத வார்த்தைகளில் முதல் வார்த்தை, ‘முடியாது’.

ஒரு பெரியவர் கூப்பிட்டார். ஒஹையோ மாநிலம். எண்பது வயது இருக்கும், குரலிலேயே நடுக்கம். அவர் வாங்காத ஒரு சேவைக்கு நான்கு மாதமாகப் பணம் பிடித்திருக்கிறார்கள். மொத்தம் 68 டாலர். இது தன் ஏழாவது அழைப்பு என்றார். அவர் சொன்னது அத்தனையும் உண்மை என்று என் திரையிலேயே தெரிந்தது. ஆனால் நான் திருப்பிக் கொடுக்கக்கூடிய உச்சவரம்பு 25 டாலர். அதற்கு மேல் என்றால் டீம் லீடர். டீம் லீடருக்கும் அனுமதி இல்லை, புகாரைக் கம்ப்யூட்டரில் பதிந்து, அதாவது டிக்கெட் போட்டு, அமெரிக்காவுக்கு அனுப்ப வேண்டும். முன்னால் பேசிய ஆறு பேரும் டிக்கெட் போட்டிருந்தார்கள். ஆறும் திறந்தபடியே கிடந்தன.

அவர் கத்தவே இல்லை. கத்துகிறவர்கள் நிறைய பேர் உண்டு. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று நம் ஊரில் சொல்வோம். அவர்களுக்கு எய்தவன் தெரியவில்லை, அம்பு மட்டும்தான் காதில் பேசுகிறது, அதனால் அம்பை வைதார்கள். இந்தப் பெரியவர் வையவில்லை. “உன்னால் இதைச் செய்ய முடியுமா, முடியாதா? அதை மட்டும் சொல்லும்மா” என்று கேட்டார். அட்டையைப் பார்த்தேன். ‘உங்கள் பிரச்சினையை நாங்கள் முக்கியமாகக் கருதுகிறோம்’ என்று படித்தேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு சொன்னார். “எங்கள் தெருமுனையில் இந்தக் கம்பெனியின் ஆபீஸ் ஒன்று இருந்தது. பில்லை எடுத்துக்கொண்டு நடந்தே போவேன். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் பேனாவால் அடித்துத் திருத்திக் கொடுப்பாள். அதை மூடிவிட்டார்கள். நீ எங்கே இருக்கிறாய்?”

எங்கே இருக்கிறேன் என்று சொல்லவும் எங்களுக்கு அனுமதி கிடையாது.

நடுவர் அவர்களே, அந்த ராத்திரியில்தான் எனக்கு விஷயம் புரிந்தது. பதில் சொல்வதற்குச் சம்பளம் வாங்கும் எனக்கு ஒரு அதிகாரமும் இல்லை. அதிகாரம் இருக்கும் அந்த மனிதரின் நம்பர் அந்தப் பெரியவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவருடைய தெருமுனையில் இருந்த பெண்ணின் வேலைதான் என் வேலையாக மாறி வந்திருக்கிறது. ஆனால் அவள் கையில் இருந்த பேனா என்னோடு வரவில்லை.

இப்படிப் புகார்கள் பெருகித்தான் 2003-லேயே டெல் கம்பெனி, நிறுவனங்களாக இருக்கும் தன் வாடிக்கையாளர்களின் அழைப்புகளை பெங்களூருவில் இருந்து அமெரிக்காவுக்கே திருப்பிக்கொண்டது. கவனியுங்கள், பெரிய நிறுவனங்களின் அழைப்பைத்தான். வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் வைத்திருக்கும் சாதாரண ஆளின் அழைப்பு கடலைத் தாண்டி வந்துகொண்டேதான் இருந்தது.

அமெரிக்கக் கிழவருக்குத்தான் இந்தக் கஷ்டம் என்று நினைக்காதீர்கள். போன வருஷம் என் அப்பாவின் பேங்க் கணக்கில் என்னவென்றே தெரியாமல் பணம் பிடித்தார்கள். பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு கிளைக்குப் போனார். முன்பெல்லாம் அங்கே ஒரு மேனேஜர் இருந்தார், என் கல்யாணத்துக்கு வந்து மொய் எழுதியவர். இப்போது இருந்தவர் நல்ல பையன்தான், “கஸ்டமர் கேருக்குப் போன் பண்ணுங்க ஐயா, எங்களால் ஒன்றும் பார்க்க முடியாது” என்றார். அப்பா திண்ணையில் உட்கார்ந்து தமிழுக்கு எந்த எண்ணோ அதை அழுத்தினார், மற்றவைக்கு ஒன்பதை அழுத்தினார், பதினோரு நிமிஷம் பாட்டுக் கேட்டார். கடைசியில் ஒரு பையன் எடுத்து, சிரமத்துக்கு வருந்துகிறோம் என்றான். லைன் போய்விட்டது. அப்பாவுக்குக் கோபம் வந்திருக்கும் என்று பக்கத்தில் போனேன். “பாவம்மா அந்தப் பிள்ளை, அவனுக்கே ஒண்ணும் தெரியலை. என்ன சம்பளம் கொடுப்பானுங்களோ” என்றார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அந்தப் பையன் நான்தான் என்று அப்பாவுக்கு எப்படிச் சொல்வேன்?

எதிரணி அக்கா கடைசியாக ஒன்று கேட்டார். விவசாயத்தில் மட்டும் நிச்சயம் இருந்ததா, மழை பொய்த்தால் அவனும் பட்டினிதானே என்று. நியாயமான கேள்வி. பண்ணையார் காலத்தை நான் திரும்பக் கேட்கவில்லை அக்கா, அதில் நம் பாட்டிமார் பட்டது எனக்கும் தெரியும். ஆனால் மழை பொய்த்தால் வானத்தைப் பார்த்துத் திட்டலாம், வானம் யார் சொல்லியும் பொய்க்கவில்லை. ஆலை தானாக மூடுவதில்லை. ஒரு அறையில், ஒரு மேஜையில், ஒருவர் கையெழுத்துப் போடுகிறார். மனிதர் போட்ட கையெழுத்தை மழை மாதிரி ஏற்றுக்கொள் என்று எங்களிடம் சொல்லாதீர்கள்.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே, தெரிகிறது. அந்தப் பெரியவர் கதையை மட்டும் முடித்துவிடுகிறேன்.

அன்றைக்கு நான் ஆறு நிமிஷத்தைத் தாண்டி, கட்டம் சிவப்பாகியும் லைனை வைக்கவில்லை. பழைய ஆறு டிக்கெட்டுகளையும் சேர்த்து, எல்லா விவரத்தையும் எழுதி ஏழாவதாக ஒன்று போட்டேன். “வியாழக்கிழமை நானே உங்களைக் கூப்பிடுகிறேன்” என்றேன். அட்டையில் இல்லாத வார்த்தை அது. அவர் என்னை டிக்கெட் எண்ணைச் சொல்லச் சொல்லி, ஒவ்வொரு எண்ணாக எழுதிக்கொண்டார். பேனா காகிதத்தில் உரசும் சத்தம் கேட்டது. “சரி நான்சி, பக்கத்திலேயே இருப்பேன்” என்றார்.

புதன்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்குத் தெருமுனையில் கேப்புக்காக நின்றேன். ஏழரை ஆனது. எட்டு ஆனது. டிரைவர் அண்ணனுக்குப் போன் செய்தேன். “மேடம், இன்னைக்கு லிஸ்ட்ல உங்க பேரு இல்லையே. உங்க ப்ராசஸ்ல யார் பேருமே இல்லை” என்றார். டீம் லீடர் போன் அணைத்து வைத்திருந்தது. மறுநாள் எச்ஆர் ஆபீஸில், கிளையன்ட் முடிவு, வேலை மணிலாவுக்குப் போய்விட்டது என்றார்கள். பாக்கிச் சம்பளம் கொடுத்தார்கள், ஐடி கார்டை வாங்கிக்கொண்டார்கள். கிளையன்ட் யார், யாரிடம் பேச வேண்டும் என்று கேட்டேன். மூன்று வருஷம் அந்தக் கம்பெனியின் பெயரைச் சொல்லித்தான் போனை எடுத்தேன். அங்கே ஒருவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. “டேபிளில் என் நோட்டு இருக்கிறது, அதில் ஒரு நம்பர் மட்டும் வேண்டும்” என்று கேட்டேன். உள்ளே போக இனி அனுமதி இல்லை என்றார்கள்.

அன்றைக்கு வியாழக்கிழமை.

வணக்கம்.